கீமோ தேவையில்லையாம்

பிப்ரவரி 12

அகில உலகப் பல்லரசியும், என் அக்காள் பெற்ற ஒற்றை ரத்தினமும், பெரியவர்கள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாததில் உலகக் கோப்பை வென்றவளுமான மருமகளுக்கு,

கரையான் குல காலன், மூட்டைப்பூச்சிச் சக்கரவர்த்திகளைக் கட்டிலோடு விரட்டிய மாவீரன், உன் தாய்மாமன் எழுதுவது. இங்கே யாவரும் நலம். யாவரும் என்றால் நான் ஒருவன்தான். அங்கே நீ நலமில்லை என்பதை ஆபரேஷன் முடிந்து, தையல் காய்ந்து, வீடு திரும்பிய பிறகு உன் அம்மா மூலமாகத் தெரிவித்த மரியாதைக்கு மிக்க நன்றி. எதிர்வீட்டுப் பூனைக்கு வயிற்றுப்போக்கு என்றாலும் எனக்கு அன்றைக்கே தகவல் வந்துவிடுகிறது.

மார்பில் கட்டி, புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பக் கட்டம், கட்டியை மட்டும் எடுத்திருக்கிறார்கள் என்று அக்காள் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவள் அழுத அழுகையில் என் வீட்டுத் தரையில் படகு விடலாம் போலிருந்தது.

சரி, அடுத்து கீமோதானே? தேதியை எழுது. ஒரு கதவு நிலையில் கரையானைப் பார்த்தால் அந்தக் கட்டையை மட்டும் பிடுங்கிப் போட்டுவிட்டு வருகிற ஆள் இல்லை நான். வீட்டைச் சுற்றித் துளை போட்டு, அஸ்திவாரம் ஏப்பம் விடுகிற வரைக்கும் மருந்து ஊற்றுவேன். உன் டாக்டருக்கும் அதுதான் தொழில். நான் வந்து கூடவே இருக்கிறேன். உனக்கு முடி கொட்டினால் நானும் மொட்டை போட்டுக்கொள்வேன். என் தலையில் பாதி வேலையை இயற்கையே முடித்துவைத்திருக்கிறது.

போன் செய்யாதே. இடது காது ராஜினாமா செய்துவிட்டது, வலது காது பாதி நாள் லீவில் இருக்கிறது. எழுது.

இப்படிக்கு,
உன் மாமன், பூச்சிகளின் எமன்

*

பிப்ரவரி 20

அன்புள்ள மாமாவுக்கு,

வலி குறைந்திருக்கிறது. கையைத் தோளுக்கு மேலே தூக்க முடிகிறது. அடுத்த வாரம் பல் கட்டும் லேபுக்கு வேலைக்குப் போகிறேன். நான் இல்லாத நாட்களில் அங்கே கட்டிய பல் செட்டுகளை வாயில் போட்டவர்களெல்லாம் சிரிக்காமலே சிரிப்பதுபோல் இருக்கிறார்களாம். நான் கட்டித் தந்த உங்கள் பல் செட்டு எப்படி இருக்கிறது? கீழ் ஈறில் உரசினால் நீங்களே அரத்தை எடுத்து ராவாதீர்கள். சொன்னால் கேட்க மாட்டீர்கள், இருந்தாலும் சொல்கிறேன்.

கீமோவுக்கு நீங்களே நாள் குறித்துவிட்டீர்கள். நானும் அது நிச்சயம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் டாக்டரம்மாவிடம் கேட்டேன்: "இது இல்லாம முடியாதா டாக்டர்?" அவர் கோபப்படவில்லை. "கேக்க வேண்டிய கேள்விதான்" என்றார். என் கட்டி சின்னது. அக்குளுக்குப் பரவவில்லை. ஹார்மோனைத் தின்று வளர்கிற வகையாம். எடுத்த கட்டியின் துண்டை ஒரு மரபணுச் சோதனைக்கு அனுப்பினால், கீமோவால் எனக்கு நன்மை உண்டா என்று ஓரளவு தெரியுமாம். அனுப்பியிருக்கிறோம். முடிவு வரட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்து அடிக்கும்போது முகமூடி போடுங்கள்.

உங்கள் மருமகள்

*

பிப்ரவரி 26

கேள்வி கேட்பதில் வக்கீல்களை வீட்டுக்கு அனுப்பும் மருமகளுக்கு,

நலம். பல்லும் நலம். அரத்தால் லேசாகத்தான் ராவினேன்.

டாக்டரிடம் "இல்லாம முடியாதா" என்று கேட்டாயாமே! ஆகாய விமானத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "இறக்கை இல்லாம ஓட்ட முடியாதா?" என்று பைலட்டைக் கேட்பாய் நீ. நான் கரையானுக்கு மனுப் போட்டு, "ஐயா, தாங்கள் பரவுகிற உத்தேசம் உண்டா?" என்று கேட்டுவிட்டுப் பதில் வருகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தால், வீட்டுக்காரர் கூரையில்லாமல் நட்சத்திரம் எண்ணிக்கொண்டிருப்பார்.

சோதனை கீதனை எல்லாம் படித்தவர்கள் விளையாட்டு. தேதியை எழுது.

உன் மாமன்

*

மார்ச் 6

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் நலம். நான் ரொம்ப நலம். முடிவு வந்துவிட்டது. அபாயம் குறைந்த பக்கத்தில்தான் இருக்கிறேன். எனக்குக் கீமோ தேவையில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

பஸ்ஸில் வரும்போதே எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தானாகச் சிரிக்கிறேன் என்று பக்கத்து சீட்டுப் பெண் நகர்ந்து உட்கார்ந்தாள். தேவையில்லை, தேவையில்லை என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தேன். நீங்கள் மொட்டை போட வேண்டாம். இருக்கிற நாலு முடியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்

*

மார்ச் 9

மருமகளுக்கு,

அந்தச் சொல்லை இனி எனக்கு எழுதாதே. எந்தச் சொல் என்று கேட்காதே.

நான் கேட்பதற்கு மட்டும் பதில் எழுது. உன் டாக்டர் அதைச் சொல்லும்போது உன் முகத்தைப் பார்த்துச் சொன்னாளா, மேஜையைப் பார்த்துச் சொன்னாளா? உன் வாயில்லாப் புருஷனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாளா? நர்சுகள் உன்னிடம் திடீரென்று அன்பாக நடந்துகொள்கிறார்களா?

நீ சிரித்தாயாம். பஸ்ஸில் சிரித்தாயாம். புற்றுநோய் வந்தவளுக்கு மருந்து கொடுக்க மாட்டேன் என்கிறார்கள், அவள் பல்லைக் காட்டிக்கொண்டு வருகிறாள். மூளையையும் கட்டியோடு சேர்த்து எடுத்துவிட்டார்களா? வேறு டாக்டரைப் பார். வேறு ஆஸ்பத்திரியைப் பார். வேறு ஊரைப் பார். கீமோ கொடுக்கிறவன் காலில் விழுந்தாவது வாங்கிக்கொள்.

உன் மாமன்

*

மார்ச் 14

மாமாவுக்கு,

முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். இவரைத் தனியாகக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் இவர் தலையைத்தான் ஆட்டியிருப்பார். நர்சுகள் எப்போதும்போல் சிடுசிடுவென்றுதான் இருக்கிறார்கள். போதுமா?

என் மூளை இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. உங்களுடையதைப் பற்றித்தான் சந்தேகம். பூச்சி மருந்து இத்தனை வருஷமாகத் தலைக்கு ஏறினால் வேறென்ன ஆகும்?

உங்கள் தொழிலை வைத்தே கேட்கிறேன். நீங்கள் மருந்தடிக்கிற வீட்டில் இருக்கிறவர்களை வெளியே போய்த் தங்கச் சொல்வீர்கள் இல்லையா? என் உடம்புக்கு மருந்தடிக்கும்போது நான் எங்கே போய்த் தங்குவது?

கீமோ சிலருக்கு விரல் நுனியை மரக்கடித்துவிடும் மாமா. சிலருக்கு அது திரும்பி வருவதே இல்லை. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் எங்கே தப்பாக முட்டுகின்றன என்பது கண்ணுக்குத் தெரியாது. மெழுகில் கட்டைவிரலை ஓட்டினால்தான் தெரியும். அந்த விரல்தான் என் பிழைப்பு. உயிருக்கு அவசியம் என்றால் விரலையும் கொடுத்திருப்பேன். வார்டில் எனக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு வேறு வகைக் கட்டி. அவளுக்குக் கட்டாயம் வேண்டும் என்றார்கள், எடுத்துக்கொண்டிருக்கிறாள், நானே துணைக்குப் போகிறேன். எனக்கு அதனால் கிடைக்கிற நன்மை நகக்கண் அளவுகூட இல்லை என்கிறார்கள். நகக்கண்ணுக்காகக் கையைக் கொடுக்கச் சொல்கிறீர்கள்.

அது என்ன அந்தச் சொல்? புதிர் போடாதீர்கள்.

மருமகள்

*

மார்ச் 17

அறுவை சிகிச்சை அரியணையில் அமர்ந்து கத்தி ஓச்சும் மாண்புமிகு டாக்டர் அம்மையார் அவர்களின் சமூகத்துக்கு,

தங்களிடம் மார்பில் ஆபரேஷன் செய்துகொண்ட, பல் கட்டும் பெண்ணின் தாய்மாமன் பணிவோடும் பணிவில்லாமலும் எழுதிக்கொள்வது. தாங்கள் நலமாக இருப்பீர்கள். இருங்கள்.

என் மருமகளுக்கு மருந்தில்லை என்று தாங்கள் தீர்ப்பளித்ததாக அறிந்தேன். அம்மணி, ஒரு சமையற்கட்டில் ஒரு கரப்பான் தென்பட்டால் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பட்டாளமே சுவருக்குள் கல்யாணம் நடத்திக்கொண்டிருக்கிறது என்பது சாமானியனாகிய எனக்கே தெரியும். தங்களுக்குத் தெரியாதா? அல்லது தெரிந்தும் மறைக்கிறீர்களா? மருந்து இருந்தால் கொடுங்கள். கொடுத்துப் பயனில்லை என்றால் அதை என்னிடம் நேராகச் சொல்லுங்கள். சுற்றி வளைத்து ஒரு சொல்லைச் சொல்லி அந்தப் பெண்ணைப் பஸ்ஸில் சிரிக்க வைக்காதீர்கள். அது பாவம்.

தங்கள் அன்புக்குப் பாத்திரமாக விரும்பாத,
பூச்சி ஒழிப்பு நிபுணன்

*

மார்ச் 17

மருமகளுக்கு,

உன் டாக்டருக்கு எழுதிவிட்டேன். உன் புருஷனுக்கும் எழுதிவிட்டேன்.

இத்துடன் மேல் பல் ஒரு செட்டு, கீழ்ப் பல் ஒரு செட்டு பார்சலில் வருகிறது. தன் உயிரை வைத்துச் சூதாடுகிறவள் கட்டிய பல்லால் கடித்துத் தின்ன எனக்கு இஷ்டமில்லை. கீமோவுக்குத் தேதி வாங்கிக்கொண்டு பல்லைத் திருப்பி அனுப்பு. அதுவரைக்கும் நான் கரைத்துக் குடித்தே உலகை ஆள்வேன்.

மாமன்

*

மார்ச் 24

மாமாவுக்கு,

நீங்கள் நலமா என்று கேட்க எனக்கு மனசில்லை.

டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டு உங்கள் கடிதத்தைக் காட்டினார். கரப்பான் கல்யாணத்தை வாசித்தபோது வெட்கத்தில் நான் மேஜைக்கடியில் போயிருப்பேன். "குடும்பத்துல எல்லாரும் இவ்வளவு பயந்தா, நீங்களே கேட்டா நான் கீமோ தரேன். ஆனா எனக்கு அது வேணும்னு தோணல. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். ஏப்ரல் பாதிக்குள் சொல்ல வேண்டும். கட்டி இருந்த இடத்தில் எப்படியும் கொடுக்க வேண்டிய கதிர் சிகிச்சையை அதற்காகத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.

இத்தனை வருஷத்தில் எந்த விஷயத்திலும் வாய் திறக்காத இவர் வெளியே வந்ததும் கேட்கிறார்: "எடுத்துக்கிட்டாத்தான் என்ன? மாமா சொல்றாருல்ல?" அம்மா போனை எடுத்தாலே அழுகிறாள். லேபில் முதலாளி என் விரலைப் பார்க்கிறார். எல்லோரும் சேர்ந்து என்னைக் காப்பாற்றுகிறீர்கள், எனக்கு மூச்சு முட்டுகிறது. நேற்று ஒரு நிமிஷம், சரி, ஏற்றித் தொலையுங்கள் என்று சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. நோய்க்காக இல்லை. உங்கள் தொல்லைக்காக.

என் உடம்பு உங்கள் குத்தகை வீடு இல்லை. இனி எழுதாதீர்கள். பல்லை அனுப்ப மாட்டேன். கரைத்தே குடியுங்கள்.

*

ஏப்ரல் 2

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

கை எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடு. எனக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. போனில் பேசினால் அழுகை வந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன்.

உன் மாமன் நீ எழுதாதே என்று சொன்னதிலிருந்து எழுதவில்லை. வேலைக்கும் போகவில்லை. பல் இல்லாமல் முகம் உள்ளே போய்விட்டது. என்ன பேசுகிறான் என்று பாதி புரியவில்லை.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். மாமன் வீட்டம்மா, உன் அத்தை, கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது நீ ஊரில் இல்லை, உனக்குத் தெரியாது. பெரிய டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு உன் மாமனிடம், "இனிமே மருந்து தேவையில்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். நோய் தீர்ந்துவிட்டது என்று அவன் எடுத்துக்கொண்டான். வராந்தாவில் நின்ற என்னிடம் ஓடி வந்து, "அக்கா, மருந்தே தேவையில்லையாம்!" என்று சிரித்தான். கடைக்கு ஓடி மிட்டாய் வாங்கி வந்து நர்சுகளுக்கெல்லாம் கொடுத்தான். அவர்களும் வாங்கிக்கொண்டார்கள். அவனிடம் எடுத்துச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் அவள் போன பிறகுதான் அவனுக்கே புரிந்தது. அன்றைக்கிலிருந்து அதைப் பற்றி அவன் பேசியதே இல்லை.

கீமோ தேவையில்லை என்று நீ எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தான். "அக்கா, இவளும் சிரிச்சுக்கிட்டே எழுதியிருக்கா" என்றான்.

அவன் சொல்வது சரியா, டாக்டர் சொல்வது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. நான் சொன்னேன் என்று அவனிடம் காட்டிக்கொள்ளாதே.

அம்மா

*

ஏப்ரல் 5

மாமாவுக்கு,

வியாழக்கிழமை காலையில் டாக்டரம்மாவைப் பார்க்கப் போகிறேன். நீங்களும் வாருங்கள். கேட்க வேண்டியதை அவரிடம் நேரில் கேளுங்கள். பல் என்னிடம்தான் இருக்கிறது. போட்டுக்கொண்டு சண்டை போடுங்கள். பல்லில்லாதவரைத் திட்ட எனக்குப் பிடிக்கவில்லை.

எது நடந்தாலும் முடிவு என்னுடையது. அதை ஒத்துக்கொண்டால் மட்டும் பஸ் ஏறுங்கள்.

மருமகள்

*

ஏப்ரல் 11

அம்மாவுக்கு,

உன் முட்டிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். மாமா வந்தார், போனார். நடந்ததை அவர் உனக்கு எப்படியும் மகா யுத்தமாகச் சொல்லியிருப்பார். நடந்தது இதுதான்.

பல்லை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். உள்ளே போனதும் டாக்டரம்மா அவரை உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. டாக்டரம்மா அவர் காதில் விழ வேண்டுமென்று சத்தமாகவே எல்லாவற்றையும் விளக்கினார். வெளியே வரிசையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் என் கட்டியின் ஜாதகம் இப்போது மனப்பாடம். மாமா எதையும் காதில் வாங்கின மாதிரி தெரியவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:

"அப்ப, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றீங்களா?"

"ஆமா, தாராளமா கூட்டிட்டுப் போங்க" என்றார் டாக்டரம்மா.

அம்மா, அதுவரை உட்காராத மாமா நாற்காலியைத் துழாவிப் பிடித்து உட்கார்ந்தார். எனக்கு விஷயம் புரிந்தது. டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. நான் அவரிடம், "இவரோட வீட்டம்மாவுக்கும் ஒரு டாக்டர் இதேதான் சொன்னார்" என்றேன். காட்டிக்கொள்ளாதே என்று நீ சொன்னதை மீறிவிட்டேன், திட்டிக்கொள்.

டாக்டரம்மா எழுந்து வந்து அவருடைய நல்ல காதுப் பக்கம் குனிந்தார். "பெரியவரே, இன்னைக்குக் கூட்டிட்டுப் போங்க. திங்கக்கிழமை கதிர் சிகிச்சைக்குக் கூட்டிட்டு வரணும். அது முடிஞ்சதும் தினம் ஒரு மாத்திரை, அஞ்சு வருஷத்துக்கு. நடுவுல விடாம என்கிட்ட வந்து காட்டணும். கைவிட்ட ஆளுக்கு அஞ்சு வருஷத்துக்கு யாராவது மாத்திரை எழுதுவாங்களா?"

"அஞ்சு வருஷமா?"

"அஞ்சு வருஷம்."

மாமா ரொம்ப நேரம் அந்த அம்மாவின் முகத்தையே பார்த்தார். அப்புறம் பழைய மாமா திரும்பி வந்துவிட்டார். "மறுபடி வராதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"மாட்டேன். கீமோ குடுத்தாலும் எழுதிக் குடுக்க மாட்டேன். நீங்க கரையான் வராதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"குடுப்பேனே. பத்து வருஷத்துக்கு."

"நிஜமா வராதா?"

"வரும். அதுக்காக எழுதிக் குடுக்காம வியாபாரம் பண்ண முடியுமா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். மாமா சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார். "அந்தம்மாவுக்கே நிச்சயம் இல்ல. நிச்சயம் இல்லாத இடத்துல இன்னும் ஒரு அடி கூட அடிச்சா என்ன கெட்டுப்போச்சு?" என்றார். "அடி வாங்கறது நீங்க இல்ல" என்றேன். "உன்னோட பேசறதுக்கு அந்தச் சுவரோட பேசலாம்" என்றார். பேசினார். பஸ் வரும்வரை ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்து என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார்.

நான் கீமோ எடுத்துக்கொள்ளவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன். எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

உன் மகள்

*

ஜூன் 19

ஐந்தாண்டுத் திட்டம் தீட்டியிருக்கும் மகாராணிக்கு,

கதிர் சிகிச்சை முடிந்தது, தோல் கறுத்திருக்கிறது, சோர்வு இருக்கிறது, இருந்தாலும் வேலைக்குப் போகிறாய் என்று அக்காள் வந்து ஒப்பித்தாள். நீ எழுதவில்லை. எழுதாதே என்று சொன்னது எனக்குத்தானே தவிர உனக்கில்லை. இரண்டு மாதமாகத் தபால்காரன் என்னைப் பார்த்தால் சந்து மாறிப் போகிறான்.

இங்கே நான் நலம். அத்தை படத்துக்குப் புதுச் சட்டம் போட்டேன். பழைய சட்டத்தை என்ன அரித்தது என்று கேட்காதே, ஊருக்குத் தெரிந்தால் என் தொழில் போய்விடும்.

நான் சம்மதித்துவிட்டேன் என்று கனவு காணாதே. இன்றைக்கும் சொல்கிறேன்: நீ செய்தது தப்பு, உன் டாக்டர் செய்தது தப்பு, பஸ் ஏறி வந்து கேட்டுவிட்டு, உன்னைக் கட்டிப்போட்டு ஊசி போடாமல் திரும்பினேனே, அது எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு. நீ செய்தது சரி என்றால் ஐந்து வருஷம் கழித்துச் சொல்கிறேன். அதுவரைக்கும் தினமும் நீ தப்புத்தான். மாத்திரையை ஒரு நாள் மறந்தாய் என்று தெரிந்தால் உன் வீட்டுக்கே வந்து குடியேறிவிடுவேன். உன் வாயில்லாப் புருஷனே பேச ஆரம்பித்துவிடுவான்.

டாக்டரம்மா எழுதிக் கொடுக்க மாட்டேன் என்றாள். நீயும் கொடுக்க மாட்டாய். எனவே நானே எழுதித் தருகிறேன், பத்திரப்படுத்து. எனக்கு முன்னால் நீ போனாயானால், மருமகளே, அப்புறம் இந்த ஜென்மத்தில் உன்னோடு நான் பேசவே மாட்டேன்.

மாமன்